கால் தரிக்காத பிள்ளைக்குத் தட்டில் என்ன வைக்கலாம்?

திண்டிவனம் பக்கத்துக் கிராமத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பல வருடம் ஆசிரியையாக இருந்தேன். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, யாராவது ஓர் அம்மா தயங்கித் தயங்கி வந்து நிற்பார். "டீச்சர், இவன் ஒரு எடத்துல குந்தவே மாட்றான். கால்ல சக்கரம் கட்னாப்புல ஓடறான். இன்னா சாப்பாடு குடுத்தா சரியாவும்?" என்று கேட்பார். அப்போது எனக்கு ஒழுங்கான பதில் தெரியாது. என் அக்காவின் பேரனுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் தேடிப் படித்தேன், மருத்துவர்களைக் கேட்டேன், அக்கா வீட்டுச் சமையற்கட்டில் நின்று பார்த்தேன்.

கவனம் நிலைக்காமையும் மிதமிஞ்சிய துடிப்பும் சேர்ந்த இந்தக் கோளாறு மூளை வளர்ச்சியைச் சார்ந்தது. இதில் பரம்பரைக்குத்தான் பெரிய பங்கு. உலக அளவில் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இது உண்டு என்பது பொதுவான கணக்கு. கோயம்புத்தூர்ப் பள்ளிகளில் 770 பிள்ளைகளைப் பார்த்து 2013-ல் வெளியான ஆய்வு நூற்றுக்கு 11 என்றது. அம்மா சமைத்ததில் குறை இருந்து இது வருவதில்லை. எந்தக் கஷாயமும் எந்தக் கீரையும் இதை அடியோடு போக்கிவிடுவதுமில்லை. ஆனால் ஏற்கெனவே கவனம் சிதறுகிற பிள்ளை பசியோடும், ரத்தசோகையோடும், தூக்கம் கெட்டும் இருந்தால் அவன் பாடு இரட்டிப்பாகிறது. அந்த இரண்டாவது பாரத்தை இறக்கிவைப்பது நம் கையில் இருக்கிறது. அதற்கான குறிப்புகள்தான் இவை.

1. முதலில் மருத்துவர் பார்க்கட்டும். ஐந்து வயதுப் பிள்ளை ஓடுவது இயல்பு. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதத்துக்கு மேல் நீடித்து, வீட்டிலும் பள்ளியிலும் ஒருசேரத் தெரிந்து, படிப்பையும் பழக்கவழக்கத்தையும் பாதித்தால்தான் அதை ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். காது சரியாகக் கேட்காதது, கண் பார்வைக் குறை, தைராய்டு, ராத்திரி குறட்டை விட்டுத் தூக்கம் கெடுவது ஆகியவையும் இதே மாதிரி தோன்றும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர்களில் பலர் ஓடமாட்டார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாமும் "மந்தம்" என்று சொல்லி விட்டுவிடுவோம். நானும் அப்படி விட்டிருக்கிறேன், இன்றும் அது மனதை அறுக்கிறது.

2. வெறும் வயிற்றோடு பள்ளிக்கு அனுப்பாதீர்கள். காலை ஏழேகாலுக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும் வீடுகளில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கையில் ஷூ, ஒரு கையில் பாதி இட்லி. இந்தப் பிள்ளைகளுக்குக் காலையில் கிளம்புவதே பெரிய வேலை, சாப்பாடு அதில் அடிபட்டுப் போகிறது. முந்தின இரவே பையும் சீருடையும் தயாராக இருந்தால் சாப்பிட இருபது நிமிடம் கிடைக்கும்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அடுத்த ஆண்டு கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு வகை, கூடவே சாம்பார். வகுப்பு தொடங்குமுன் அங்கே போய் உட்கார்ந்து, பக்கத்தில் பத்துப் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் பிள்ளை, வீட்டில் சாப்பிடுவதைவிட நன்றாகவே சாப்பிடுவான். கௌரவம் பார்த்து "வீட்லயே சாப்டுக்குவான்" என்று சொல்லிவிடாதீர்கள்.

3. சோறு, இட்லியோடு புரதமும் சேரட்டும். வெறும் இட்லியும் சர்க்கரையும், வெறும் தோசையும் தக்காளிச் சட்னியும் என்றால் பத்தரை மணிக்கே பசிக்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். சத்துணவில் பள்ளி நாளெல்லாம் முட்டை உண்டு. காலையிலும் ஒன்று கொடுத்தால் தப்பில்லை. முட்டை சாப்பிடாத வீட்டில் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, காராமணி, பருப்பு அடை, தயிர்.

நம் ஊரில் இதற்கெல்லாம் மேலாக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, இருக்கிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. ரகங்களின் பெயரில் உள்ள எழுத்துகளே திண்டிவனத்தைக் குறிப்பவைதான். நூறு கிராம் மல்லாட்டையில் சுமார் 25 கிராம் புரதம். அவித்தது, வறுத்தது, வெல்லம் போட்டு உருண்டை பிடித்தது என்று எப்படியும் கொடுக்கலாம். இரண்டு எச்சரிக்கை மட்டும்: பூஞ்சை பிடித்துக் கசக்கிற பருப்பைக் குப்பையில் போடுங்கள். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுப் பருப்பு வேண்டாம், பொடித்தே கொடுங்கள். ஓடிக்கொண்டே மெல்லுகிற பிள்ளைக்கு அது மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.

4. கையில் பிடித்துச் சாப்பிடுவதைச் செய்துகொடுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மதியம் வரிசையில் நிற்பான், தட்டை வாங்குவான், உட்கார மாட்டான். முட்டையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தைச் சுற்றி வருவான். மஞ்சள் கரு சட்டையெல்லாம் உதிர்ந்திருக்கும். சோறு தட்டிலேயே காய்ந்து கிடக்கும். அவனைப் பிடித்து உட்காரவைத்துத் திட்டுவதிலேயே எங்கள் மதிய நேரம் போனது. பிறகு ஒரு நாள் சத்துணவு ஆயா சோற்றைப் பருப்போடு பிசைந்து உருண்டை பிடித்து அவன் கையில் கொடுத்தார். மூன்று உருண்டை சாப்பிட்டான், நின்றபடியே. அந்த ஆயாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனது.

அடையைக் குச்சி குச்சியாக வெட்டலாம். பயறு வைத்த கொழுக்கட்டை, குழிப்பணியாரம், சப்பாத்திச் சுருள், கேவுரு (கேழ்வரகு) அடை எல்லாம் இதற்கு ஏற்றவை.

5. தட்டு சின்னது, நேரமும் சின்னது. பெரிய தட்டில் மலை போலச் சோற்றைப் போட்டால் பார்த்தவுடனே எழுந்து ஓடுவான். கொஞ்சம் வையுங்கள், தீர்ந்ததும் இன்னும் கொஞ்சம். 15, 20 நிமிடம் போதும். டி.வி., செல்போன் இரண்டும் அந்த நேரத்தில் வேண்டாம், அது பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். முடித்ததும் எழுந்து தட்டைக் கழுவிவைக்கிற வேலையை அவனுக்கே கொடுங்கள். ஒரு வேலை முன்னால் இருந்தால் இந்தப் பிள்ளைகள் அதுவரை பொறுப்பார்கள்.

6. இரும்புச்சத்தை ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் குறிப்புதான். கவனத்துக்குத் தேவையான டோபமின் என்ற பொருளை மூளை தயாரிக்க இரும்புச்சத்து வேண்டும். 2004-ல் பாரிஸ் நகரத்தில் ஏ.டி.எச்.டி. உள்ள 53 குழந்தைகளையும் இல்லாத 27 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். உடலில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு முதல் கூட்டத்தில் சராசரி 23, இரண்டாவது கூட்டத்தில் 44. இரும்புக் குறைவுதான் காரணம் என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் நம் மாநிலத்தில் இதை அலட்சியம் செய்யவும் முடியாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். அதனால் மருத்துவரிடம் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சல் அடிக்கும்போது எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். குறைவு என்று தெரிந்தால் எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். இரும்பு மாத்திரை அதிகமானால் சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து, பூட்டி வையுங்கள்.

பள்ளியில் வாரத்துக்கு ஒன்று கொடுக்கிறார்களே, 5 முதல் 9 வயதுக்கு இளஞ்சிவப்பு மாத்திரை, 10 வயதுக்கு மேல் நீல மாத்திரை, அந்த இரும்பு மாத்திரை ரத்தசோகையைத் தடுக்கத்தான். பிள்ளை அதை விழுங்கினானா, பையிலேயே வைத்திருக்கிறானா என்று சனிக்கிழமை துணி துவைக்கும்போது பாருங்கள். சட்டைப்பையில் கரைந்து சிவப்புக் கறையாக இருந்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

7. சாப்பாட்டோடு டீ வேண்டாம். டீ, காபி இரண்டுமே இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும், தூக்கத்தையும் கெடுக்கும். சின்னப் பிள்ளைக்கு இரண்டுமே தேவையில்லை. மாறாக, சாப்பாட்டோடு எலுமிச்சம்பழம் பிழிந்த சுண்டல், நெல்லிக்காய்த் துண்டு, கொய்யா கொடுத்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு நன்றாகச் சேரும். பயறை முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் அதற்கு உதவும். பழைய இரும்புத் தோசைக்கல்லை, இரும்புச் சட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் சமைத்தால் சாப்பாட்டில் கொஞ்சம் இரும்பு சேர்கிறது.

8. கூழை மறக்காதீர்கள். நூறு கிராம் கம்பில் 6 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு, நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து. ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றுவதோடு நிறுத்தாமல் வாரம் இரண்டு நாள் மோர் விட்டுக் கரைத்துக் கொடுங்கள். ஒரு வாய் கூழுக்கு ஒரு கடி மாங்காய் என்றால் பிள்ளையும் மறுக்கமாட்டான்.

9. நிறம் போட்ட தின்பண்டங்களை வீட்டுக்குள் விடாதீர்கள். உணவுச் சாயத்துக்கும் பிள்ளைகளின் துடிப்புக்கும் தொடர்பு உண்டு என்று 1970-களில் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் பெஞ்சமின் ஃபைன்கோல்ட் சொன்னபோது பலர் நம்பவில்லை. 2007-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 3 வயதுப் பிள்ளைகளுக்கும் 8, 9 வயதுப் பிள்ளைகளுக்கும் சாயமும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்தது. சில பிள்ளைகளிடம் துடிப்பு கூடியது. பெரிய அளவில் இல்லை, எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் 6 சாயங்களுக்கு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது.

அவற்றில் நம் ஊர்ப் பொட்டலங்களில் இருக்கக்கூடியவை ஐ.என்.எஸ். 102, 110, 122, 124. சோடியம் பென்சோயேட்டுக்கு 211. இந்த ஐந்து எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மணிபர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்க ஒரு நிமிடம்தான் ஆகும். சாயத்தில் சத்து எதுவும் இல்லை, அதனால் நிறுத்துவதில் நட்டமும் இல்லை.

எண் போடாமல் விற்பவைதான் இன்னும் கவலை. பஞ்சு மிட்டாயில் துணிக்குப் போடும் ரோடமின் பி சாயம் இருந்ததென்று 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் பிறகு தமிழ்நாடும் அதன் விற்பனையைத் தடை செய்தன. புதுச்சேரி நமக்குப் பக்கத்து வீடு மாதிரி, கடற்கரைக்குப் போகாத விழுப்புரத்துப் பிள்ளை ஏது? சிவப்புப் பொரித்த கோழி, பளீரென்ற ஜிலேபி, பச்சை நிற ஐஸ் எல்லாவற்றையும் அதே கண்ணோடு பாருங்கள். வீட்டில் கேசரிப் பவுடரையும் விட்டுவிடுங்கள். கேரட்டைத் துருவிப் போட்டால் கேசரி நல்ல நிறமாகவே வரும்.

10. சர்க்கரை மேல் எல்லாப் பழியையும் போடாதீர்கள். கரும்புக் காடும் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையும் இருக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வதால் நான் கரும்புக்குப் பரிந்து பேசுவதாக நினைக்க வேண்டாம். சர்க்கரை சாப்பிட்டால் பிள்ளைகளுக்குத் துடிப்பு கூடுகிறதா என்று நடந்த 23 ஆய்வுகளை 1995-ல் தொகுத்துப் பார்த்தார்கள். அப்படி எதுவும் தெரியவில்லை. அதற்கு முந்தின வருடம் நடந்த இன்னோர் ஆய்வு என் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. 5 முதல் 7 வயது வரையான 35 பையன்கள், அவர்களுடைய அம்மாக்கள். எல்லாப் பையன்களுக்கும் சர்க்கரையே இல்லாத பானம்தான் கொடுத்தார்கள். அம்மாக்களில் பாதிப் பேரிடம் மட்டும் "உங்கள் பையன் நிறையச் சர்க்கரை குடித்திருக்கிறான்" என்று சொன்னார்கள். அந்த அம்மாக்கள் மட்டும் தங்கள் பிள்ளை அதிகம் துடிப்பதாகச் சொன்னார்கள். அவனை அதிகம் கண்டித்தார்கள், பக்கத்திலேயே நின்றார்கள். திருவிழாவில் ஒரு ஜாங்கிரி தின்ற பிள்ளையை நாம் எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். பல்லுக்காகவும் பசி கெடாமல் இருக்கவும் இனிப்பைக் குறையுங்கள், அது நியாயம்.

11. வாரம் இரண்டு நாள் சின்ன மீன். மத்தி, கவலை, நெத்திலி, கானாங்கெளுத்தி. மரக்காணம் கரையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வருகிற, விலை குறைந்த இந்த மீன்களிலேயே ஒமேகா 3 கொழுப்பு இருக்கிறது. வஞ்சிரத்துக்குக் கடன் வாங்க வேண்டாம். ஒமேகா 3 மாத்திரைகளால் கவனம் கூடுவதாகச் சொன்ன ஆய்வுகளில் தெரியும் பலன் சிறியது, மருந்துக்கு ஈடாகாது. எனவே மாதாமாதம் அந்த மாத்திரைக்குச் செலவழிப்பதைவிட மீன் குழம்பு வைப்பது மேல். சைவ வீட்டில் ஆளி விதையை வறுத்து இட்லிப் பொடியில் சேர்க்கலாம். அதிலுள்ளது வேறு வகை, உடலுக்குப் பயன்படும் வடிவில் கொஞ்சம்தான் மாறும்.

12. பொட்டலத்தில் சிரிக்கும் சூரியன் முத்திரை உள்ள அயோடின் உப்பையே வாங்குங்கள். மரக்காணத்து உப்பளம் பக்கத்தில்தான் என்று சாக்கில் அள்ளி வந்த உப்பை அப்படியே சமையலுக்குப் போடாதீர்கள். அயோடின் குறைந்தால் தைராய்டு கெடும், பிள்ளையின் மூளை வளர்ச்சி பின்தங்கும்.

13. பிள்ளை இருக்கிற வீட்டில் ஈயச் சொம்பு ரசம் வேண்டாம். ஈயச் சொம்பு என்றால் வெள்ளீயத்தில் செய்தது. ஆனால் அதில் காரீயம் கலந்திருந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, புளிக்கரைசலில் அது கரைந்து வரும். சென்னையில் 3 முதல் 7 வயது வரையான 756 குழந்தைகளைப் பரிசோதித்து 2009-ல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் காரீயம் கூடிய பிள்ளைகளிடம் கவனக்குறைவும் துடிப்பும் பதற்றமும் கூடுதலாகத் தெரிந்தன. பாட்டி வீட்டுச் சொம்பைத் துடைத்துப் பரணில் வையுங்கள். பெயிண்ட் உரியும் சுவரைப் பிள்ளை சுரண்டாமல் பாருங்கள், பழைய பேட்டரியை உடைக்கிற இடத்தில் விளையாட விடாதீர்கள். மஞ்சளையும் காரீயம் கலந்த சாயக் கலப்படம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

14. மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்குப் பசி மாறும். மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகளைச் சாப்பிட்டால் மதியம் பசி மந்திக்கும். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். அதற்காக அடிக்காதீர்கள், நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம். காலையில் மாத்திரைக்கு முன் வயிறார டிபன், பள்ளி விட்டு வந்ததும் பெரிய சாப்பாடாகவே ஒன்று, படுக்குமுன் பாலோ வாழைப்பழமோ. எடையையும் உயரத்தையும் தவறாமல் எழுதிவையுங்கள். அடுத்த முறை மருத்துவர் கேட்பார்.

15. குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் எவ்வளவு கீரை போட்டாலும் ரத்தம் ஊறாது.

16. "மூளைக்கு நல்லது" என்று விற்கும் மாவுகளையும் கடுமையான பத்தியங்களையும் நம்பிப் பணத்தையும் பிள்ளையின் எடையையும் இழக்காதீர்கள். கோதுமை, பால், முட்டை எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லி ஒருவர் சீட்டு எழுதிக்கொடுத்ததில், ஆறு வாரத்தில் அக்கா பேரன் இரண்டு கிலோ இளைத்ததை நாங்கள் பார்த்தோம். துடிப்பு துளியும் குறையவில்லை. உணவை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கும் முறை மருத்துவத்தில் இருக்கிறது, சில பிள்ளைகளுக்குப் பலனும் தெரிந்திருக்கிறது. அதை மருத்துவரும் உணவியல் நிபுணரும் கூட இருந்து, குறிப்பிட்ட நாளுக்குள் முடிக்க வேண்டும்.

17. நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான், பள்ளியில் எப்படி இருந்தான் என்று நாளுக்கு மூன்று வரி போதும். அக்கா இரண்டு வாரம் எழுதியதில், இரவு பதினொன்றுக்குப் படுத்த மறுநாள்தான் பள்ளியிலிருந்து புகார் வருகிறது என்று தெரிந்தது. அதுவரை வீட்டில் எல்லோரும் சாக்லேட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

18. எங்கே போவது? பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழு பார்க்க வேண்டிய குறைகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. குழு வரும் நாளில் ஆசிரியரிடம் சொல்லிப் பிள்ளையைக் காட்டுங்கள். முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர். பிள்ளை 6 வயதுக்குட்பட்டவன் என்றால் மருந்துக்கு முன் பெற்றோருக்கான பயிற்சியைத்தான் முதலில் சொல்வார்கள், அதற்கு அப்பாவும் போக வேண்டும். போகும்போது அந்த நோட்டையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். நேரில் போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். அது 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசுகிறார்கள், கட்டணம் கிடையாது.